ஆறாவது கற்குவை

தூறல் விழுந்ததும் தம்பி காதுக் கருவியைக் கழற்றி அக்காவிடம் நீட்டினான். "நனைஞ்சா கெட்டுப் போயிடும். பைல வெச்சுக்கோ." அது இல்லையென்றால் இடி விழுந்தாலும் அவனுக்குக் கேட்காது.

அக்கா பேருந்து ஓட்டுநர். வாரத்தில் கிடைக்கும் ஒரே ஓய்வு நாளையும் தம்பிக்குத் தாரை வார்த்துவிட்டு, மருந்துக்குக்கூட மரம் இல்லாத அந்த மேட்டுவெளியில் நின்றுகொண்டிருந்தாள். எந்தக் காலத்திலோ செத்தவர்களைப் புதைத்து, மேலே கற்களைக் குவித்திருந்தார்கள். அப்படி ஆறு கற்குவைகள், முகட்டில் வரிசையாக. பள்ளியில் வரலாறு நடத்தும் தம்பிக்கு அத்தனையையும் படம் வரைந்தாக வேண்டும். அவன் மனைவியோ, "கல்லைப் பார்க்கறதுக்கெல்லாம் நான் வரல" என்று கழன்றுகொண்டாள்.

"அஞ்சு முடிஞ்சது. ஆறாவதை ஒரு எட்டு பார்த்துட்டு வந்துடறேன்" என்று போனான்.

அவன் போன கையோடு மூடுபனி இறங்கியது. கால்மணி ஆயிற்று, அரைமணி ஆயிற்று. "டேய் தம்பி!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். கத்திய பிறகுதான் கருவி தன் பையில் கிடப்பது உறைத்தது. போனில் சிக்னல் இல்லை. அந்தப் பக்கம் ஆளை விழுங்கும் சேற்றுக்குழிகள் உண்டென்று காலையில் அவனே சொல்லியிருந்தான்.

குடைக் கம்பால் தரையைக் குத்திக் குத்தி நடந்தாள்.

டக். டக். கல்லில் கல் மோதும் சத்தம்.

சத்தம் வந்த பக்கமே ஏறினாள். ஆறாவது குவையின் உச்சி நடுவில் குழிந்திருந்தது. அங்கே தம்பி, இரண்டு பாறைகளுக்கிடையில் கால் சிக்கி, கையில் ஒரு கூழாங்கல்லோடு உட்கார்ந்திருந்தான். முகத்தில் ஈயாடவில்லை. முதல் வேலையாகக் கருவியை அவன் காதில் மாட்டிவிட்டு, பாறையில் கை வைத்தாள்.

அவன் பதறினான். "தொடாதேக்கா! மூவாயிரம் வருஷமா அசையாத கல்லு!"

"உன் காலு போனா மூவாயிரம் வருஷம் ஆனாலும் முளைக்காது. வாயை மூடு."

முதுகைக் கொடுத்து நெம்பினாள். இரண்டு முறை வழுக்கியது. மூன்றாவது முறை கல் புரண்டது. கணுக்கால் பூசணியாக வீங்கியிருந்தது, எலும்பு தப்பியிருந்தது. அவன் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். பிறகு அதே தோளைப் பிடித்துக்கொண்டு விம்மினாள்.

"அக்கா... அந்தக் கல்லை மட்டும் பழைய இடத்துல..."

முறைத்தாள். ஆனாலும் முனகிக்கொண்டே கல்லைத் திரும்பத் தள்ளி வைத்தாள்.

பனி விலகவில்லை. நொண்டிக்கொண்டே இறங்கி, கீழே நிறுத்தியிருந்த கார் கண்ணில் படும்வரை அவன் சட்டைக் கையை அவள் விடவேயில்லை.