மயிலி தின்ற இரண்டு மருந்து

மாட்டாஸ்பத்திரி என்று பெயர் வைத்துவிட்டதால் குதிரைக்காரர்கள் அதைத் தங்களுடைய ஆஸ்பத்திரியாக நினைக்கவே இல்லை. நான் அங்கே கம்பவுண்டராகச் சேர்ந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. அதற்குள் வந்த குதிரைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவையும் வெட்டுக்காயம், லாடம் குத்தியது என்று வந்தவைதான். வயிற்றுக் கோளாறு என்று ஒன்றுகூட வந்ததில்லை. அதற்கு வடசேரி வண்டிப்பேட்டையில் தங்கப்பன் இருந்தார்.

தங்கப்பனும் குதிரை வண்டிக்காரர்தான். ஓட்டம் இல்லாத நேரத்தில் மற்றவர்களுடைய குதிரைகளுக்கு வைத்தியம் பார்ப்பார். இருமலுக்கு ஆடாதோடை, வாய்ப்புண்ணுக்குப் படிகாரம், வயிறு கட்டிக்கொண்டால் பேதிக்கு நேர்வாளங்கொட்டை. கொட்டையைப் பாலில் வேகவைத்து, சுக்கோடு அரைத்து, கருப்பட்டியில் பொதிந்து ஊட்டுவார். சும்மா சொல்லக்கூடாது, பெரும்பாலும் கேட்டது. கேட்காமல் போன இரண்டொரு குதிரைகளுக்கு ஆயுசு அவ்வளவுதான் என்று பேட்டையில் முடிவு கட்டிவிடுவார்கள்.

எங்கள் டாக்டர் கோட்டயத்துக்காரர். தன்மையான மனிதர், ஆனால் உள்ளதை உள்ளபடி சொல்லுகிற கெட்ட பழக்கம் உண்டு. கொல்லம் ஆயிரத்து நூற்றொன்பதாம் ஆண்டு சித்திரையில் என்னையும் கூட்டிக்கொண்டு வண்டிப்பேட்டைக்குப் போனார். சின்னக் காயத்துக்கு மஞ்சள் வைப்பதையோ வேப்பெண்ணெய் தடவுவதையோ அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. பேதி மருந்தை மட்டும் நீங்களாகக் கொடுக்காதீர்கள் என்றார். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது, உள்ளே போனது போனதுதான் என்று விளக்கினார்.

தங்கப்பன் வண்டியை விட்டு இறங்காமலே பதில் சொன்னார். "சாரு படிச்சது பொஸ்தகத்துல. நான் படிச்சது குதிரைக்க வயித்துல. எனக்க மயிலிய உம்ம ஆஸ்பத்திரி வாசல்ல என்னைக்காவது பாத்திருக்கீரா? பாக்கவும் மாட்டீரு."

பேட்டையே சிரித்தது. டாக்டரும் சிரித்துக்கொண்டுதான் திரும்பினார். எனக்குத்தான் எரிச்சல் அடங்க ரெண்டு நாள் ஆயிற்று.

மயிலி சாம்பல் நிறத்துப் பெண்குதிரை. களியக்காவிளை வரைக்கும் ஒரே ஓட்டமாகப் போய்த் திரும்பும். தங்கப்பனுக்கும் அவர் மனைவி முத்துக்கனிக்கும் பிள்ளைகள் இல்லை. அதனால் குதிரையைச் செல்லம் கொடுத்து வளர்த்தார்கள் என்று சொல்வார்கள். எத்தனை பிள்ளை இருந்திருந்தாலும் அவர் அந்தக் குதிரையை அப்படித்தான் வைத்திருப்பார் என்பது என் எண்ணம்.

ஆடி மாதத்தில் ஒரு நாள், தெருவில் ஆள் நடமாட்டம் குறைந்த உச்சிப்பொழுதில், பின்பக்கத்துச் சந்து வழியாகத் தங்கப்பன் மயிலியை நடத்திக்கொண்டு வந்தார். வண்டி இல்லை. முத்துக்கனி பின்னால் வந்தாள். மயிலி சாணி போட்டு இரண்டு நாள் ஆகிவிட்டது. முன்னங்காலால் தரையைப் பிறாண்டியது. திரும்பித் திரும்பித் தன் வயிற்றையே பார்த்தது.

டாக்டர் தொடுவதற்கு முன்னால் கேட்க வேண்டியதைக் கேட்பது என் வேலை. "அண்ணாச்சி, ஏதாவது குடுத்தீரா?"

"ஒண்ணும் குடுக்கல்லே."

முத்துக்கனி அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் குதிரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் வயிற்றில் குழல் வைத்துக் கேட்டுவிட்டு, தன் வாயாலும் ஒருமுறை விசாரித்தார். "ஏதெங்கிலும் மருந்து கொடுத்தோ? கொடுத்தா இப்பச் சொல்லணும். பேதி மேல பேதி போனா குதிரை நிக்காது."

"பச்சத்தண்ணி தவிர ஒண்ணும் குடுக்கல்லே சாரே."

மயிலியின் கீழுதட்டில் கருப்பட்டி பிசுபிசுத்ததை நான் பார்த்தேன். குதிரைக்கு ஆசைக்குக் கருப்பட்டி கொடுப்பவர்களும் உண்டுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அத்தனை பேருக்கு மருந்து சொன்ன மனுஷன் தலைகுனிந்து வந்து நிற்கும்போது, பொய் சொல்லுகிறீரா என்று கேட்க எனக்கு நாக்கு எழவில்லை. நான் நாக்கை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டது பெரிய பிசகு. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு என் மேலேயே ஆத்திரம் வரும்.

டாக்டர் சென்னிநாயகத்தை உருட்டிக் கொடுத்தார். கறுத்த, கசப்பான பேதி மருந்து. நான் மயிலியின் நாக்கைப் பிடித்து ஒதுக்கினேன். உருண்டை உள்ளே போயிற்று. நாளைக் காலையில்தான் கேட்கும், அதுவரை தீனி போடாதீர்கள் என்று சொல்லி அனுப்பினோம்.

விளக்கு வைக்கிற நேரத்தில் முத்துக்கனி ஓடி வந்தாள். "சாரே, நிக்காமப் போகுது. தண்ணியாட்டு போகுது."

டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். சென்னிநாயகம் குதிரை வயிற்றில் அவ்வளவு சீக்கிரம் வேலை செய்யாது. இது வேறு மருந்து, காலையிலேயே உள்ளே போன மருந்து. எங்கள் மருந்து இன்னும் தொடங்கவே இல்லை.

தங்கப்பன் வீட்டுக்குப் போனோம். அபின் கலந்த கஞ்சி கொடுத்தோம், தவிடு ஒத்தடம் கொடுத்தோம். நாங்கள் சொன்னதையெல்லாம் தங்கப்பன் செய்தார், முன்னால் கொடுத்ததை மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. விடியற்காலையில் எங்கள் உருண்டை வேலையைத் தொடங்கியது. மூன்றாம் நாள் மயிலி செத்துப்போயிற்று. அதன் தலை தங்கப்பன் மடியில் இருந்தது. அந்த நேரத்தில் அவரிடம் யார் என்ன கேட்க முடியும்?

பேட்டைக்காரர்கள் யாரையும் கேட்கவில்லை. தங்கப்பன் ஆஸ்பத்திரிக்குப் போனார், உருண்டை கொடுத்தார்கள், குதிரை செத்தது. வேறு என்ன வேண்டும்? வாசலோடு போகிற வண்டிக்காரன்கூட எங்களைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். தங்கப்பன் ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. வண்டியை விற்றுவிட்டு வடசேரிச் சந்தையில் காய்கறி மூட்டை சுமந்தார். நியாயத்துக்கு எனக்கு அவர் மேல் இரக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. வாய்க்கு வந்தபடி அவரை மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன்.

புரட்டாசியில் ஒரு நாள் சந்தைக்குப் போயிருந்தபோது பேட்டையில் கூட்டமாக இருந்தது. முத்துநாயகத்தின் குதிரை படுத்துக்கிடந்தது. முத்துநாயகம் வயதில் இளையவன், தங்கப்பனை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவான். அதே வயிற்றுக்கட்டு. தங்கப்பனை மூட்டையோடு இழுத்து வந்திருந்தார்கள்.

அவர் குதிரையின் காதைத் தொட்டுப் பார்த்தார். "ஏலே, இத ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ."

"உமக்க மயிலியக் கொன்ன எடத்துக்கா?" என்றான் முத்துநாயகம்.

"டாக்டரு கொல்லல்லே. நான் காலையிலேயே நேர்வாளம் குடுத்திருந்தேன். ரெண்டு மட்டம் கேட்டாங்க. குடுக்கல்லேண்ணு சொன்னேன். நாந்தாம்லே கொன்னேன்."

நான் கும்பிடாத குறை. இரண்டு மாதம் காத்திருந்த சொல் அல்லவா. அந்தச் சமயம் பார்த்து முத்துநாயகம் கூட்டத்தில் நின்ற என்னைக் கண்டுகொண்டான்.

"கம்பவுண்டர் நிக்காரு பாத்தியளா? அதான் அண்ணாச்சி இப்பிடிப் பேசுகாரு. ஆஸ்பத்திரிக்காரனுவ மெரட்டிருப்பானுவ."

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். "அவர் சொல்லுகது சத்தியம்" என்று நான் சொன்னேன். அதைச் சொன்னதால் கொஞ்சநஞ்சம் நம்ப இருந்தவர்களும் நம்பாமல் போனார்கள். தங்கப்பன் மயிலியின் பேரைச் சொல்லி ஆணையிட்டுப் பார்த்தார். பாவம், நல்ல மனுஷன், யாருக்கும் கெடுதல் வரக்கூடாது என்று பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்கிறார் என்று ஒருவன் கண்ணைத் துடைத்தான்.

முத்துநாயகம், தங்கப்பன் முன்பு சொல்லிக் கொடுத்திருந்த பக்குவத்தில் நேர்வாளத்தைத் தானே அரைத்துக் கொடுத்தான். மறுநாள் பொழுது விடிந்தபோது குதிரை எழுந்து நின்றதாம், வண்டியில் பூட்டலாம் போல இருந்ததாம். தங்கப்பன் கைராசியைப் பற்றி அன்றைக்கு வடசேரியில் பேசாதவர்கள் இல்லை.

அன்று மத்தியானம் தங்கப்பன் ஆஸ்பத்திரிக்கு வந்தார். முன்வாசல் வழியாகவே வந்தார். டாக்டர் ஒரு பசுவுக்கு மருந்து போட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார்.

"சாரே, நான் அண்ணைக்கு நேர்வாளம் குடுத்திருந்தேன்."

"அறியாம்" என்றார் டாக்டர், தெரியும் என்பதைத் தன் மலையாளத்தில். "அன்னு சாயங்காலமே அறிஞ்சு."

தங்கப்பன் தலையாட்டினார். அதற்காக அவர் வரவில்லை என்று பார்த்தாலே தெரிந்தது. "முத்துநாயகத்துக்க குதிர அந்த மருந்துலதான் எந்திரிச்சிருக்கு. அப்போ நான் இங்க வராம வீட்டுலயே இருந்திருந்தா, மயிலி பிழைச்சிருக்குமா?"

டாக்டர் கையைத் துடைத்தார். "அநேகமா பிழைச்சிருக்கும்."

"நேர்வாளம் குடுக்காம நேரே இங்க வந்திருந்தா?"

இல்லை என்று சொல்லிவிடுங்கள் சார் என்று நான் மனதுக்குள் கெஞ்சினேன். எப்படியும் செத்திருக்கும், விதி என்று சொன்னால் என்ன குறைந்துவிடும்? ஒரு சின்னப் பொய். ஆனால் அவருக்கு அது வராது. தங்கப்பனும் அதனால்தான் அவரிடம் கேட்க வந்திருந்தார்.

"அப்பவும் பிழைச்சிருக்கும்" என்றார் டாக்டர்.

"சரி சாரே."

படியிறங்கி வாசல்வரை நேராகத்தான் நடந்தார். வாசலில் கையை ஊன்றி உட்கார்ந்து, தெருவில் போகிறவர்கள் நின்று பார்க்கப் பார்க்க, வாய்விட்டு அழுதார். இரண்டு மாதமாக அவரைத் திட்டிக்கொண்டிருந்த நான் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.