முதல் காற்றாலையின் பூட்டு

என் அண்ணியின் தம்பிக்குத் துறைமுகத்தில் ‘சீக்கிரம்’ என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரை யாரும் சொல்வதில்லை. வாயைத் திறந்தால் அந்த ஒரு சொல்தான் வரும். மின்வெட்டில் வெந்துகொண்டிருந்த அவ்வளவு பெரிய நகரத்துக்கு மின்சாரம் தர, நடுக்கடலில் வரிசையாகக் காற்றாலைகளை நட்டுக்கொண்டிருந்த கம்பெனியில் அவன்தான் மேலாளர். என் அண்ணன் அவனுக்குக் கீழே மெக்கானிக். நான் படகுத்துறை கேன்டீனில் டீ போடுகிறவள். அக்கா புருஷனை அவன் வீட்டில் ‘மாமா’ என்பான், வேலையில் ‘ஏய்’ என்பான்.

கடலுக்குப் போகிற ஒவ்வொருவனிடமும் ஒரு சிவப்புப் பூட்டு உண்டு. காற்றாலைக்குள் ஏறும் முன் அடித்தளத்து மெயின் சுவிட்சை அணைத்து, அதில் தன் பூட்டைப் போட்டு, சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொள்வான். பூட்டு தொங்கினால் உள்ளே ஆள் இருக்கிறான் என்று பொருள். சாமியே இறங்கி வந்தாலும் சுவிட்சைத் தொடக்கூடாது. சிலர் வேலை முடிந்து பூட்டை மறந்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவார்கள். அப்போது மேலாளர் வீட்டுக்குப் போன் போட வேண்டும். ஆள் அங்கே இல்லை என்று வீட்டார் வாயால் சொல்வதைப் பதிவுசெய்துவிட்டு, மேலே ஏறியும் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் பூட்டை அறுக்கலாம். என் அண்ணனும் ஒருமுறை மறந்தான். சாப்பிட்ட கையோடு போனை வாங்கி, “நான் இங்கதான்யா திங்கிறேன், அங்க சுத்துறது என் பேயா?” என்றான். மறுநாள் துறை முழுக்க அவன் செலவில் டீ.

திறப்பு விழாவுக்கு இரண்டு நாள் முன்பு அண்ணனும் அவன் கூட்டாளி நெட்டையனும் முதல் காற்றாலையில் வேலைக்கு ஏறினார்கள். உதிரிப்பாகம் ஒன்றை எடுக்க நெட்டையன் தன் பூட்டைக் கழற்றிக்கொண்டு படகுக்கு இறங்கிய நேரத்தில் கடல் கொந்தளித்துவிட்டது. படகால் ஏணியை மறுபடி அண்ட முடியவில்லை. ரேடியோவில் கூப்பிட்டால் அண்ணன் பதில் பேசவில்லை. கொஞ்ச நேரத்தில் அவனுடைய ஹெல்மெட் அலையில் மிதந்து வந்தது. விழுந்துவிட்டான் என்று எல்லோரும் முடிவுகட்டினார்கள். படகுகள் வட்டமடித்துத் தேடின. ஏணியில் கால்வைக்கக் கடல் யாரையும் விடவில்லை.

விழா அன்று காலை கடல் அடங்கியது. சீக்கிரம் கையில் போனோடு எங்கள் வீட்டுக்கு வந்தான்.

“அக்கா, ஒரே ஒரு வார்த்தைக்கா. மாமா அங்க இல்லன்னு சொல்லு. அந்தப் பூட்டு தொங்குற வரைக்கும் படகெல்லாம் அங்கயே முடங்கிக் கெடக்கும். அதை எடுத்துட்டா அத்தனை படகையும் தேட அனுப்பிடுவேன்.”

புளுகினான். பூட்டுக்கும் படகுக்கும் மொட்டைத்தலைக்கும் முழங்காலுக்கும் உள்ள சம்பந்தம்தான். மந்திரி பொத்தானை அழுத்தும்போது, கரையிலிருந்து நன்றாகத் தெரிகிற முதல் காற்றாலை சுற்றியாக வேண்டும். அதுதான் அவன் அவசரம்.

“மேல ஏறிப் பாத்தீங்களா?” என்று நான் கேட்டேன்.

“ஹெல்மெட்டே தண்ணில கெடச்சாச்சு. அப்புறம் மேல என்ன இருக்கப்போகுது?”

“பூட்டு தொங்குனா ஆள் உள்ள இருக்கான்னுதானே அர்த்தம்?”

“நீங்க கொஞ்சம் சும்மா இருங்க. கேன்டீன் பேச்சையெல்லாம் இங்க கொண்டுவராதீங்க.”

அண்ணி என்னைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள். தூங்காமல் அவள் முகம் வீங்கிக் கிடந்தது. தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பார்கள். அவளுக்குத் தம்பி பக்கம் ஆடியது.

“நீ ஏறிப் பாத்துட்டுதானே அறுப்ப?” என்றாள்.

“பாக்காம அறுப்பேனாக்கா?”

போனை அவள் வாயருகே நீட்டினான். “அவர் அங்க இல்ல,” என்றாள் அண்ணி. கூடப்பிறந்த நானும் அங்கேதான் நின்றேன். என்னிடம் அவன் போனை நீட்டவில்லை. நீட்டியிருந்தால் சுவரில் அடித்து உடைத்திருப்பேன்.

அவனே போய் அறுத்தான். மின்சாரம் இல்லாததால் உள்ளே லிஃப்ட் ஓடாது. அவ்வளவு உயரமும் ஏணியில் ஏற வேண்டும். விருந்தாளிகள் கரையில் வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். அடியில் நின்றபடி “மாமா!” என்று ஒரு குரல் கொடுத்தானாம். பதில் வரவில்லை என்றதும் கட்டரை எடுத்தானாம். கூடப் போன நெட்டையன் ஏறுகிறேன் என்றதற்கு, “சீக்கிரம் படகுக்கு வா” என்றானாம்.

பொழுது சாயும் நேரத்தில் நடந்த விழாவைக் கேன்டீன் டிவியில் நான் பார்த்தேன். மந்திரி பொத்தானை அழுத்தினார், இறக்கைகள் மெல்ல அசைந்து பிறகு சுற்றின, நகரத்துத் தெருவிளக்குகள் வரிசையாக எரிந்தன. எல்லோரும் கைதட்டினார்கள். அந்தக் காற்றாலை நடுங்குகிறது என்று கட்டுப்பாட்டு அறையில் எச்சரிக்கை மணி அடித்ததாம். விருந்தாளிகள் போகட்டும் என்று அதன் வாயை அடைத்துவிட்டு, அவர்கள் போன பிறகு காற்றாலையை நிறுத்தி, நெட்டையனை மேலே அனுப்பினார்கள்.

மறுநாள் நான் டம்ளர் கழுவிக்கொண்டிருந்த தொட்டிக்குப் பக்கத்தில் வந்து நின்று அவன் சொன்னான்.

“மூணு இறக்கையும் சேருற எடத்துல ஒரு அறை இருக்குல்லம்மா, அதுக்குள்ளதான் இருந்தாரு. கால் இடுக்குல மாட்டி ஒடஞ்சிருக்கு. பெல்ட்டால கட்டுப் போட்டிருந்தாரு. ரேடியோ கீழ விழுந்து நொறுங்கிக் கெடந்துச்சு. அதான் ஹெல்மெட்டை வெளிய எறிஞ்சிருக்காரு, நாங்க பாப்போம்னு. அதோட தாடை வார் அறுந்திருக்கல, அவுத்து விட்டிருந்துச்சு. அப்பவே நான் கவனிச்சிருக்கணும்.”

இறக்கைகளோடு சேர்ந்து அந்த அறையும் சுற்றும். துணி துவைக்கிற மெஷின் மாதிரி. கம்பியைப் பிடித்திருந்த அண்ணன் விரல்களைப் பிரிக்கவே முடியவில்லையாம். நான்கு பக்கமும் ரத்தம் இருந்ததாம். செத்த உடம்பிலிருந்து அப்படி வராது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

அன்று மாலையே சீக்கிரம் கேன்டீனுக்கு வந்தான். முதல்முறையாக மெதுவாகப் பேசினான். “கடல்ல கெடச்சார்னு அக்காகிட்ட சொல்லிருக்கேன். அப்படியே இருக்கட்டும். அவளுக்காகத்தான் சொல்றேன்.”

அவளுக்காகவாம். நான் அவனுக்கு டீ போட்டுக் கொடுத்தேன். குடித்துவிட்டு என் பின்னாலேயே வீட்டுக்கும் வந்தான்.

அண்ணி கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். வீட்டில் எல்லா விளக்கும் எரிந்தது, அதுவும் அவ்வளவு பிரகாசமாக. “உடம்பாவது கெடச்சுதே,” என்றாள் என்னிடம். “கடல் திருப்பித் தருமா? என் தம்பிதான் சொன்ன சொல்லைக் காப்பாத்தி, தேடிக் கொண்டுவந்துட்டான்.”

அதுவரை வாயை மூடிக்கொண்டிருக்கத்தான் நினைத்திருந்தேன், சத்தியமாக. தம்பி என்றதும் அந்த நினைப்பு போய்விட்டது. பெல்ட், ஹெல்மெட், கம்பி, விரல், ரத்தம் என்று ஒன்றையும் விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் நடுவில் இரண்டு முறை “வேணாம்” என்றான்.

அண்ணி தம்பியின் பக்கம் திரும்புவாள் என்று காத்திருந்தேன். திரும்பவில்லை. என்னையே பார்த்தாள்.

“எது வரைக்கும் உயிரோட இருந்தாரு?”

பூட்டை அறுக்கிற வரைக்கும் என்று சொல்லியிருக்கலாம். மேலே ஏறாதவன் அவன், அறுத்த கை அவன் கை. அது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் என்ன சொன்னாலும் அவனுக்கு உறைக்காது. உறைக்கிறவள் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள்.

“நீங்க ‘அங்க இல்ல’ன்னு சொல்ற வரைக்கும், அண்ணி.”