கிராஜுவலி

கேத்தில் சூடாகிக்கொண்டிருந்தது. அத்தான் அதன் முன்னால் கைகட்டி நின்று, வெப்பநிலை 'கிராஜுவலி' கூடுகிறது என்று ஆங்கிலத்தில் அறிவித்தார். கேத்தில் மறுக்கவில்லை. ஒட்டுமொத்தத்தில் இந்தப் படம் மிகப் பயனுள்ள தகவல்களைத் தருகிறது என்று அவர் முடித்தபோது, என் அக்கா தர்ஷனா தேத்தண்ணிக் கோப்பையை அவர் கையில் திணித்தாள்.

அருந்தவன் அத்தான் கணக்கியல் படித்தவர். மெல்பேர்ணில், டண்டினொங் பக்கம் ஒரு களஞ்சியத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். வருகிற மாதம் அவருக்கு முப்பத்து மூன்று வயது. அன்றைக்கு விசாக் கணக்கில் அவருடைய வயதுப் புள்ளிகள் குறையும். அதற்கு முன் ஆங்கிலப் பரீட்சையில் உச்சப் புள்ளி எடுத்தால் பிஆர், நிரந்தர வதிவிடம், கிடைக்கலாம். இல்லாவிட்டால் விசா முடிய இருவரும் பெட்டி கட்ட வேண்டியதுதான். அவர்கள் வீட்டு ஹோலில் சோஃபாவில் படுத்துக்கொண்டு யூனிவர்சிட்டிக்குப் போய்வரும் எனக்கும் இதில் சோஃபா அளவுக்கு அக்கறை இருந்தது.

பரீட்சையில் திரையில் ஒரு வரைபடம் வரும். நாற்பது செக்கனுக்குள் அதை விவரிக்க வேண்டும். திருத்துவது கொம்பியூட்டர். மூன்று செக்கன் பேசாமலிருந்தால் மைக் தானாக மூடிக்கொள்ளும். இதற்கென்று கிளென் வேவர்லியில் தன் கராஜுக்குள் ரியூசன் நடத்தும் நரசிம்மன், சென்னைக்காரர், எல்லோருக்கும் ஒரே பாட்டைப் பாடமாக்கிக் கொடுத்திருந்தார். "மெஷினுக்குக் கண்ணு கிடையாது சார், காது மட்டும்தான். கோடு ஏறினாலும் கிராஜுவலி, இறங்கினாலும் கிராஜுவலி. வாய் மட்டும் நிக்கக் கூடாது." தென்கிழக்கு மெல்பேர்ணில் பாதித் தமிழ் இளைஞர்கள் அப்படித்தான் பேசினார்கள். பக்கத்து வீட்டு வர்ஷாவின் முதலாவது பிறந்தநாளில் கேக் கூட கிராஜுவலி வெட்டப்பட்டது.

அந்தச் சொல்லுக்கு ஓர் அர்த்தம் இருக்கிறது என்று அத்தானிடம் சொல்லிப் பார்த்தேன். மெல்ல மெல்ல, படிப்படியாக, நடக்கிறதே தெரியாமல் நடப்பது. கேத்திலுக்குப் பொருந்தும், தடாலென்று விழுகிறதற்குப் பொருந்தாது.

"அர்த்தம் ஆருக்கடா வேணும்? எனக்கு விசா வேணும்" என்றார்.

பரீட்சையன்று அவருடைய போனையும் பேர்ஸையும் வைத்துக்கொண்டு கட்டடத்துக்குக் கீழே காத்திருந்தேன். எல்லோருக்கும் முன்னால் வந்தவர், நேரே ரயில் நிலையத்துக்கு நடந்தார். ரயிலில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் சொன்னார்: ஒரு வரைபடத்தில் மைக் மூடிவிட்டது. முதல் வசனத்தோடு.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாதக்கணக்காகக் கேத்திலையும் வொஷிங் மெஷினையும் விவரித்த மனிதர். ஏன் என்று கேட்டேன்.

"ஒரு சின்ன மீன்பிடி ஊர். சனத்தொகைக் கணக்கு. நேராப் போய்க்கொண்டிருந்த கோடு ஒரு வருசத்தில செங்குத்தா விழுந்திட்டுது. பிறகு எழும்பேல்லை."

"கிராஜுவலி எண்டு சொல்லிப்போட்டுப் போயிருக்கலாம்தானே."

"வாயில வரேல்லை."

அது எந்த ஊர் என்று கேட்டேன். கனடாவோ நோர்வேயோ, கவனிக்கவில்லை என்றார். அத்தானின் ஊர் முல்லைத்தீவுக்குப் பக்கம், கடற்கரை. இரண்டாயிரத்து ஒன்பதில் அவருக்குப் பதினேழு வயது. இது அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவர் அதைப் பற்றி ஒருநாளும் கதைத்ததில்லை. நான் அப்போதும் விடவில்லை, கோபம் கோபம்தானே.

"மெஷின் பாக்காது அத்தான். நரசிம்மன் சொன்னவர்தானே."

"நான் பாத்தனானே."

என் கையில் அவருடைய போன் அதிர்ந்தது. அக்கா. "நீ கதை" என்றார் அத்தான். நான் எடுக்கவில்லை. அது நின்று, மறுபடி அதிர்ந்தது. குளிருக்கு ரயில் கண்ணாடி முழுக்கப் பனிப்புகார் படிந்திருந்தது. அத்தான் விரலால் அதில் ஒரு கோடு இழுத்தார். கொஞ்சத் தூரம் நேராகப் போய், கண்ணாடியின் அடி ரப்பர் வரைக்கும் ஒரே இழுவையில் இறங்கியது. விரலை எடுத்தபின்பும் தண்ணீர் அதன் வழியே வழிந்துகொண்டிருந்தது. அந்த மெல்லிய கோட்டுக்குள்ளால் டண்டினொங் களஞ்சியங்களின் தகரக் கூரைகள் துண்டு துண்டாக வந்து போயின.