கோயம்புத்தூருக்குப் போன மோரிஸ்

மொஹ்சின் முன்சீட்டின் கடைசி போல்ட்டைக் கழற்றிக்கொண்டிருந்தபோது அவன் மனைவி ஃபஹீமாவின் செல்போன் அடித்தது. சவுரிமுத்து. போன வாரம்வரை அந்த மோரிஸ் மைனர் காருக்குச் சொந்தக்காரராக இருந்தவர்.

“வண்டி ஓடுதாம்மா?”

மொஹ்சின் சீட்டை நெஞ்சோடு அணைத்து வெளியே எடுத்தான். தோல் எங்கும் உரசிவிடக் கூடாதென்ற கவனம். கார் கம்பெனியிலேயே போட்ட அதே சிவப்புத் தோல். இத்தனை வருஷத்துக்கும் ஓரத்தில் மட்டும்தான் லேசான வெடிப்பு. பேனட்டும் கதவுகளும் ஏற்கெனவே சுவரில் சாய்ந்திருந்தன.

“ஓடுது சார். சூப்பரா ஓடுது.”

“கோயம்புத்தூர் வரைக்கும் ஓட்டிக்கினே பூட்டாங்களா?”

“ஆமா சார். வழியில எங்கயுமே நிக்கலையாம்.”

அந்தப் பக்கம் பெரிய மூச்சு ஒன்று கேட்டது. பிறகு “நான் சொன்னேன்ல” என்று அவர் யாரிடமோ சொல்வதும் கேட்டது.

பழைய கார்களை வாங்கி, பிரித்து, பாகம் பாகமாக விற்பது மொஹ்சினின் தொழில். ஊரப்பாக்கத்தில் வீட்டுக்குப் பின்னால் தகர ஷெட். முழு வண்டியாக விற்க நினைத்தால் வருஷக்கணக்கில் மழையில் நிற்கும். பிரித்துவிட்டால் கதவுக் கைப்பிடிக்குக்கூட எங்கிருந்தாவது ஆள் கேட்டு வரும். ஆனால் பிள்ளை மாதிரி வண்டி வைத்திருந்தவர்கள், பிரிக்கிறவனுக்குக் கொடுக்க மாட்டார்கள். அங்கேதான் ஃபஹீமா வேண்டியிருந்தாள். ஒரு பெண் வந்து உட்கார்ந்து, கொடுத்த டீயைக் குடித்து, சுவரில் மாட்டியிருக்கும் படங்களைப் பற்றி நாலு வார்த்தை விசாரித்து, நல்ல குடும்பத்துக்குத்தான் போகுது என்று சொன்னால் நம்பினார்கள். கல்யாணமான புதிதில் சும்மா துணைக்குப் போனவள்தான். அவளுக்குப் பேச்சு வருகிறதென்று மொஹ்சின் சீக்கிரமே கண்டுகொண்டான். போகிற வீட்டிலெல்லாம் ஒரு டாக்டரையோ வக்கீலையோ உண்டாக்கிவிட்டு வருவாள். வண்டி கைமாறிய பிறகு யாரும் அவளைத் திரும்பக் கூப்பிட்டதில்லை. அந்த தைரியத்தில்தான் பொய் அவ்வளவு சுலபமாக இருந்தது.

சவுரிமுத்து கூப்பிட்டார்.

குரோம்பேட்டைப் பக்கம் ஒரு தோல் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஊரைவிட்டுப் போன மேனேஜரிடமிருந்து அவருக்கு வந்த வண்டி அது. அண்ணன் தம்பிகள் பூர்வீக வீட்டைப் பங்கு பிரித்து விற்றதில், அஸ்தினாபுரத்திலேயே ஒரு சந்துக்குள் வாடகைக்குப் போகும்படி ஆயிற்று. அங்கே சைக்கிள் நிறுத்தத்தான் இடம். மனைவி தனத்துக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. பழைய வீட்டில் கட்டிலை ஜன்னலோரம், வண்டி தெரிகிற மாதிரி போட்டிருந்தார். பழுதாகி நின்ற வண்டிகளை ஏற்றிச்செல்லும் ரெக்கவரி வண்டியில் காரை ஏற்றியபோது தனம் ஜன்னலைச் சாத்தச் சொல்லிவிட்டாள். “எங்கனா ஓடிக்கினு கீதுன்னா போதும்மா. எங்களுக்கு வேற ஒண்ணும் வாணாம்” என்றார் சவுரிமுத்து. கோயம்புத்தூரில் டாக்டர் ஸ்ரீவத்சன் என்று ஒருவர், பழைய கார் என்றால் உயிர் என்றாள் ஃபஹீமா.

அதன்பின் ஞாயிறுதோறும் போன் வந்தது. டாக்டர் ஊட்டிக்குப் போனார், மருதமலைக்குப் போனார். சினேகா என்று அவருக்கு ஒரு மகள் முளைத்தாள். மலைப்பாதையில் அந்தக் குழந்தை வாந்தியெடுத்தது.

“சீட்ல பட்டுச்சா?” பதறிப்போனார் சவுரிமுத்து.

“உடனே தொடச்சிட்டாங்க சார்.”

“ஈரத்தோட வுட்ற போறாங்க. காத்தாட தொறந்து வெக்கச் சொல்லும்மா.”

அவர் அதைச் சொன்ன நேரத்தில் அந்தத் தோல் உறைகள் சட்டத்திலிருந்து உரிக்கப்பட்டு, வெளிநாட்டில் தன் மோரிசைப் பழையபடி ஆக்கிக்கொண்டிருக்கும் யாரோ ஒருவருக்கு அனுப்புவதற்காக மேசைமேல் பரத்திக் கிடந்தன. ஃபஹீமாவுக்குப் பிள்ளை இல்லை. சினேகாவுக்கு முன்பல் விழுந்தது, முடியில் ரிப்பன் கட்டினால் பிடிக்காது என்றெல்லாம் எங்கிருந்து தன் வாயில் வந்ததென்று போனை வைத்த பிறகு யோசிப்பாள்.

“அவர்கிட்ட சொல்லிரலாங்க” என்றாள் ஒருநாள்.

“சொன்னா வண்டி திரும்பி வந்துருமா?” மொஹ்சின் கோபப்படவில்லை. “இத பிரிச்சதால எங்கெங்கயோ பத்து வண்டி ஓடுது. அதுவும் ஓடுறதுதான?”

ஒரு வேலைநாளில், அவள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது, சவுரிமுத்து நேரிலேயே வந்துவிட்டார். காரின் வீல் கப் ஒன்று, சக்கரத்தின் நடுவை மூடும் தகட்டு மூடி, வீடு மாறியதில் சாமான்களோடு சேர்ந்து போய்விட்டிருந்தது. அது இல்லாமல் டாக்டரின் வண்டி மூளியாக ஓடுமே என்று, ரெக்கவரி வண்டி ஓட்டும் தசரதனிடம் விலாசம் வாங்கி, துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு பஸ் ஏறியிருக்கிறார். அவர் வீட்டுக்கு ஃபஹீமா மட்டுமே போயிருந்ததால் மொஹ்சின் அவரை அதற்குமுன் பார்த்ததில்லை. துண்டைப் பிரித்ததும் அவன் முகம் மலர்ந்தது.

“மோரிசோடதா! இது கெடைக்கவே கெடைக்காது பெரியவரே. இன்னும் எதனா வெச்சினுகீறீங்களா?”

அவர் அவனைத் தாண்டி ஷெட்டுக்குள் போனார். வண்டியின் பாடி பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டிருந்தது. ஒரு கதவு மட்டும் சுவரோரம் இருந்தது. மேசையில், பிளாஸ்டிக் உறைக்குள் மடித்து, ஆங்கிலத்தில் விலாசம் ஒட்டிய சிவப்புத் தோல். அதன்மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினார். வைத்த கையை எடுக்கவேயில்லை.

ஈரக் கையோடு ஓடிவந்த ஃபஹீமா அப்படியே நின்றாள்.

“ஊட்டிக்குப் போனது?”

“இல்ல சார்.”

“டாக்டரு?”

இல்லையென்று தலையை ஆட்டினாள்.

“அந்தக் கொயந்தயும் இல்லையா?” வண்டியைப் பற்றிக் கேட்டபோது நடுங்காத குரல் அதில் நடுங்கியது.

“நான் வந்து அம்மாகிட்ட உண்மையச் சொல்லிர்றேன் சார். அவங்க கால்ல விழறேன்.”

“சொன்னா உன் மனசு லேசாய்டும். அவ இன்னாம்மா பண்ணுவா?” டயர் அடுக்கில் சரிந்து உட்கார்ந்தார். “நீ பேசறப்போ ஸ்பீக்கர போட்டு அவ தலகாணிகிட்ட வெப்பேன். வாரம் பூரா அதயே சொல்லிக்கினு கெடப்பா. அந்தக் கொயந்தைக்கு ஜொரம்னு நீ சொன்ன பாரு, அன்னிக்கு சோறு துன்னல.” எழுந்து துண்டைத் தோளில் போட்டார். “ஞாயித்துக்கெயம போன் பண்ணுவேன். எடுத்துப் பேசு.”

வீல் கப்பை அங்கேயே விட்டுவிட்டுப் போனார். மொஹ்சின் அன்று சாயங்காலம்வரை அதைத் தொடவில்லை.

ஞாயிறு வந்தது. ஃபஹீமா போனை எடுத்து “சார்” என்றதோடு நின்றாள். எதிர்ப்பக்கம் அவர்தான் எடுத்துக் கொடுத்தார்: பழனி பக்கம் போறதா சொன்னியேம்மா, போனாங்களா? ரோடு எப்பிடி இருந்துச்சாம்? கனத்த கட்டிலை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு குறுகலான படியில் இறங்குகிறவர்களைப் போல, வாரா வாரம் இருவரும் அந்த வண்டியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். நடுவில் சில சமயம் தனத்தின் சிரிப்பு கேட்கும். அந்தச் சிரிப்பைக் கேட்கும்போது, அன்றே அஸ்தினாபுரத்துக்கு ஓடி எல்லாவற்றையும் கொட்டியிருக்கலாம் என்றும், நல்லவேளை செய்யவில்லை என்றும் ஒரே சமயத்தில் தோன்றும் அவளுக்கு.

இதற்கிடையில் ராஜகீழ்ப்பாக்கத்தில் ஆஸ்டின் ஒன்று இருக்கிறதென்று மொஹ்சின் கூட்டிப்போனான். டீ வந்தது. அவள் வாயிலிருந்து ஒரு பொய்யும் வரவில்லை. “நல்ல குடும்பமா?” என்று வீட்டுக்காரரே கேட்டார். அவள் தலை தானாக அசைந்தது. அதுவே போதுமானதாக இருந்தது. திரும்பி வரும் வழியில் மொஹ்சினிடம் என்ன பேசினாலும் நாளைக்கு இன்னொரு வீட்டில் டீ குடிக்கப்போகிறோம் என்று தெரிந்திருந்தது.

ஐப்பசி மழையில் ஒருநாள், ஞாயிறல்லாத நாளில், சவுரிமுத்துவின் எண் வந்தது. “தனம் போயிட்டாம்மா” என்றார். போனை வைத்துவிட்டார். ஃபஹீமா உடை மாற்றிக்கொண்டு கிளம்பினாள். அஸ்தினாபுரம் வரை போய், சந்து முனையில் போட்டிருந்த பந்தலைப் பார்த்ததும் அங்கேயே நின்றாள். அந்த வீட்டில் அவள் யாரென்று சொல்லிக்கொண்டு நுழைவது? குடைக்குள் நின்றுவிட்டுத் திரும்பிவிட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை போன் வரவில்லை. அப்பாடா என்றிருந்தது. அப்படி இருந்ததே என்று ராத்திரி படுக்கையில் அழுதாள்.

அடுத்த ஞாயிறு போன் வந்தது.

“சார்... அம்மாவுக்கு...” என்று தொடங்கினாள்.

“அத வுடும்மா.” குரல் தெளிவாகத்தான் இருந்தது. “இந்த வாரம் எங்க போனாங்க?”

ஃபஹீமாவுக்கு முதலில் புரியவில்லை. டாக்டரின் வண்டியைத்தான் கேட்கிறார் என்று பிறகுதான் புரிந்தது.

“சார், வேணாம் சார்.”

“அவ தலகாணிகிட்ட ஸ்பீக்கர்ல போட்டுகீறேன்” என்றார். “சொல்லு.”

அந்த நேரம் பார்த்து, வீட்டுக்குப் பின்னால் தண்டவாளத்தில் செங்கல்பட்டு போகும் மின்சார ரயில் வந்தது. ஜன்னல் கம்பிகள் அதிர்ந்தன. எதுவும் கேட்காத அந்தச் சத்தத்துக்குள் அவள் கண்ணை மூடி நின்றாள். இது இப்படியே போய்க்கொண்டிருக்கக் கூடாதா என்றிருந்தது. கடைசிப் பெட்டியும் தாண்டியது. போனில் அவர் வீட்டு மின்விசிறி சுற்றும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.