காற்றிறங்காத சக்கரம்

சைக்கிள் பந்தயத்தை டிவியில் பார்த்துக் கைதட்டுகிறவர்களுக்கு அதன் நாற்றம் தெரியாது. வியர்வை, உருகிய தார், கையுறையில் துடைத்த மூக்குச்சளி, வெயிலில் சூடாகிப் புளித்த இனிப்புத் தண்ணீர் எல்லாம் சேர்ந்த ஒரு வாடை. மூன்று மணி நேரமாக ஓரியான் ரேபோ அந்த வாடைக்குள்தான் மிதித்துக்கொண்டிருந்தாள். காலையில் மாந்தோன் கடற்கரையில் கிளம்பி, கஸ்தியோன் மலை ஏறி, சொஸ்பெல் ஊருக்கு இறங்கி, ப்ரோஸ் கணவாயையும் கடந்தாயிற்று. இப்போது கடைசி மலை, மடோன். இதன் உச்சியைத் தாண்டிவிட்டால் அப்புறம் ஒரே இறக்கம், நேராகக் கடல்.

ஓரியானுக்கு இருபத்தேழு வயது. வாரத்தில் ஐந்து நாள் மீன் கடையில் செதில் உரசுகிறாள். எத்தனை முறை சோப்புப் போட்டாலும் நகத்தடியிலிருந்து அந்தக் கவிச்சி போவதில்லை. அதிலிருந்து தப்பிக்க அவளுக்குத் தெரிந்த ஒரே வழி இந்த ஞாயிற்றுக்கிழமைதான். வடக்கே ஒரு பெரிய அணி, சம்பளம் கொடுத்து சைக்கிள் ஓட்ட வைக்கிற அணி, தெல்வாய் என்பவரை ஆள் பார்க்க அனுப்பியிருந்தது. ஒரே ஒரு இடம். இன்றைக்கு ஜெயிக்கிறவளுக்குத்தான் அது என்று ஊரே பேசிக்கொண்டது.

முன்னால் இரண்டே பேர் போய்க்கொண்டிருந்தார்கள். ஓரியானும் அவளுடைய கிளப்பின் கேப்டன் மர்லேனும். மற்றவர்கள் இரண்டு நிமிடத்துக்கு மேல் பின்தங்கிவிட்டார்கள். இரண்டு பேர் என்று பெயர்தானே தவிர, உழைத்தது ஒருத்தி. மர்லேன் ஓரியானின் பின்சக்கரத்தோடு ஒட்டிக்கொண்டு, எதிர்க்காற்றை அவள் தலையில் கட்டிவிட்டு, சுகமாக வந்துகொண்டிருந்தாள். அதில் தப்பு சொல்ல முடியாது. கேப்டன்கள் அப்படித்தான் வருவார்கள்.

"இழு செல்லம், இழு. என்னமா ஏறுறே!" என்றாள் மர்லேன். அவளுக்கு உலகத்தில் எல்லோரும் செல்லம்தான், அஞ்சல்காரர் உட்பட.

"நீயும் கொஞ்சம் முன்னால வாயேன்."

"எனக்கு எங்கடி கால் இருக்கு? உச்சி வரைக்கும் கூட்டிட்டுப் போ. அதுக்கப்புறம் உன் பாடு, என் பாடு."

காலையில் கிளப்பை நடத்துகிற இவோனும் அதைத்தான் சொல்லியிருந்தார். "உச்சி வரைக்கும் கிளப்பு. உச்சி தாண்டிட்டா யார் கால்ல பலம் இருக்கோ அவ ஜெயிக்கட்டும்." நியாயமான பேச்சு. மர்லேனின் கால் தீர்ந்துபோனது ஓரியானுக்கு அவள் மூச்சிலேயே கேட்டது. உச்சிக்கு இன்னும் ஒரு கிலோமீட்டர் இல்லை. மீன் கடை முதலாளியிடம் எப்படிச் சொல்லிக்கொண்டு வெளியேறுவது என்று ஓரியான் வாக்கியமே யோசிக்க ஆரம்பித்துவிட்டாள்.

இந்தக் கிளப்பில் எங்கும் எழுதி வைக்காத ஒரு சட்டம் உண்டு. கேப்டன் கையைத் தூக்கி "பஞ்சர்" என்றால் பக்கத்தில் இருக்கிறவள் இறங்கித் தன் சக்கரத்தைக் கழற்றிக் கொடுக்க வேண்டும். உதவிக் கார் வரும்வரை கேப்டன் காத்திருக்கக் கூடாது, கொடுத்தவள் காத்திருக்கலாம். ஏன், எதற்கு என்ற கேள்வியெல்லாம் கிடையாது. புதிதாகச் சேருகிற பெண்களுக்கு முதலில் சொல்லித்தருவதே சக்கரம் கழற்றத்தான். கிளப்பிலேயே ஓரியான்தான் அதில் வேகம். பதினொரு நொடி. வெட்கத்தைவிட்டுச் சொன்னால், அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

"பஞ்சர்! முன்சக்கரம்!"

திரும்பிப் பார்த்தாள். மர்லேன் கையைத் தூக்கியிருந்தாள். அவ்வளவுதான், ஓரியான் இறங்கிவிட்டாள். நெம்புகோலைத் திருப்பினாள், சக்கரம் கையோடு வந்தது, மர்லேனின் சைக்கிளில் மாட்டினாள், முதுகில் கை வைத்துத் தள்ளியும் விட்டாள்.

"நீ தங்கம்டி!" என்று கத்திக்கொண்டே மர்லேன் வளைவில் மறைந்தாள். நடுவர்களின் சிவப்புக் கார் ஒரு கணம் ஓரியான் பக்கத்தில் நின்றது, பிறகு மர்லேன் பின்னால் போனது.

ஓரியான் சாலையோரக் கல்மேல் உட்கார்ந்தாள். ஒரு காலில்லாத நாற்காலி மாதிரி சைக்கிள் சாய்ந்து கிடந்தது. மர்லேன் விட்டுப்போன சக்கரம் மடியில் இருந்தது. சும்மா கை போன போக்கில்தான் டயரை அமுக்கினாள்.

கல் மாதிரி இருந்தது.

இரண்டு கட்டைவிரலையும் வைத்து அமுக்கினாள். சக்கரத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். முள் இல்லை, கீறல் இல்லை, காற்று ஒரு துளி இறங்கவில்லை. மர்லேனின் வியர்வை மட்டும் கம்பிகளில் ஒட்டியிருந்தது.

அப்போதும் அவள் மனம் மர்லேனுக்காகத்தான் வாதாடியது. பாவம், களைப்பில் அப்படித் தோன்றியிருக்கும், சாலை கரடுமுரடு. கார் எங்கே என்று எட்டிப் பார்த்தாள். அந்த மலையில் சாலை மடிந்து மடிந்து ஏறுவதால் மேலிருந்து பார்த்தால் கீழே போகிறவர்கள் தலை தெரியும். இரண்டு மடிப்புக்குக் கீழே கிளப்பின் வெள்ளைக் கார் நின்றுகொண்டிருந்தது. ஓடிக்கொண்டிருக்கவில்லை, நின்றுகொண்டிருந்தது. முன்னணியில் இருப்பவர்களின் முதுகுக்குப் பின்னாலேயே வந்திருக்க வேண்டிய கார். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, இவோன் சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார்.

அவர் அண்ணாந்து பார்த்தார். கண்ணும் கண்ணும் சந்தித்தன. சட்டென்று கடல் பக்கம் திரும்பிக்கொண்டார், ஐம்பது வருஷமாகப் பார்க்காத கடலைப் பார்க்கிறவர்போல.

ஓரியான் குனிந்தாள். குடித்திருந்த இனிப்புத் தண்ணீரை அப்படியே சாலையில் கக்கினாள். கோபம் என்றால் கத்தியிருப்பாள். இது அருவருப்பு. சாப்பிட்டு முடித்த தட்டின் அடியில் புழுவைப் பார்க்கிற அருவருப்பு. காலையில் அந்த வாயால்தான் இவோன் "யார் கால்ல பலம் இருக்கோ" என்றார். பஞ்சர் என்று கத்திய அதே வாயால்தான் மர்லேன் செல்லம் என்றாள். இரண்டு பேரும் எங்கேயோ காபி குடித்துக்கொண்டே இதைப் பேசி வைத்திருக்கிறார்கள். எந்த இடத்தில் கையைத் தூக்குவது, எவ்வளவு தூரத்தில் காரை நிறுத்துவது என்று. ஒன்றைப் பற்றி மட்டும் அவர்கள் பேசியிருக்கவே மாட்டார்கள்: இவள் கொடுப்பாளா, மாட்டாளா என்று.

வாயைத் துடைத்துக்கொண்டு அதே சக்கரத்தைத் தன் சைக்கிளில் மாட்டினாள். நல்ல சக்கரம்தானே!

உச்சியைத் தாண்டி இறக்கத்தில் அவள் போன வேகத்துக்குப் பெயர் வீரம் இல்லை, வெறி. செந்த்-ஆஞெஸ் ஊர் வளைவுகளில் பிரேக் கருகும் நாற்றம் மூக்கில் ஏறியது. கடற்கரைச் சாலையில் மர்லேனின் மஞ்சள் பனியன் கண்ணில் பட்டது, பெரிதாகிக்கொண்டே வந்தது. இன்னும் அரைக் கிலோமீட்டர் சாலை இருந்திருந்தால் போதும். சாலை முடிந்துவிட்டது. ஒன்பது நொடியில் தோற்றாள்.

எல்லைக்கோட்டில் மர்லேன் ஓடி வந்து கட்டிக்கொண்டாள். பிசுபிசுத்த கன்னத்தைக் கன்னத்தில் தேய்த்துக்கொண்டே, புகைப்படக்காரர்களைப் பார்த்து, "என் செல்லம் இல்லேன்னா நான் இல்லை!" என்றாள்.

"டயரை அமுக்கிப் பாரு," என்றாள் ஓரியான்.

"என்னடி?"

"அமுக்கிப் பாருன்னேன்."

மர்லேன் சிரிப்பை முகத்தில் அப்படியே வைத்துக்கொண்டு காதருகே குனிந்தாள். "எனக்கு முப்பத்தெட்டு ஆகுது. இனிமே என்னை எவன் கூப்பிடுவான்? உனக்கென்ன, அடுத்த வருஷமும் கால் இருக்கும்."

"அடுத்த வருஷம் ஆள் பார்க்க யாரு வரப்போறா?"

மர்லேன் புகைப்படக்காரர்கள் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதற்குள் இவோன் வந்து சேர்ந்தார். "விடு ஓரியான். கிளப்புக்குக் கோப்பை வந்திருக்கு. ஊர் முன்னாடி மானத்தை வாங்காதே." ஓரியான் அவர் காலடியில் காறித் துப்பினாள். அவர் ஷூவைத்தான் பார்த்துக்கொண்டார், முகத்தைத் தூக்கவில்லை.

கழிவறைப் பக்கம் போய் முகம் கழுவிக்கொண்டிருந்தவளிடம் ஒருவர் வந்து நின்றார். ஐம்பது வயது, தொப்பை, கையில் கீரை வைத்துப் பொரித்த பார்பஜுவான் பலகாரம். உதட்டில் எண்ணெய் மின்னியது. தெல்வாய்.

"நான் சிவப்பு கார்ல இருந்தேன்," என்றார் மென்றுகொண்டே. "எல்லாத்தையும் பார்த்தேன். அந்த டயர் நல்லாத்தான் இருந்துச்சு, இல்ல?"

ஓரியான் ஈர முகத்தோடு திரும்பினாள். "ஆமாம்! சத்தியமா! நீங்க வேணா அமுக்கிப் பாருங்க."

"எதுக்கு? எனக்கென்ன கண்ணு இல்லையா? அந்தப் பொம்பளையை எடுக்கிறதா இல்லை. கோப்பையோட வீட்டுக்குப் போகட்டும். உன்னைத்தான் எடுக்கப் போறேன்."

அவளுக்கு ஒரு கணம் கடல் முழுக்க வெளிச்சமானது. அவர் கடைசித் துண்டை வாயில் போட்டு விழுங்கினார்.

"ஜெயிக்கிறதுக்கு எங்ககிட்ட ஒருத்தி இருக்கா. அவளுக்குப் பக்கத்துல ஓட ஒரு ஆள் வேணும். ஆறு மாசமா தேடுறேன். எல்லாரும் சக்கரம் கொடுப்பாளுக, ஆனா கொடுக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை அந்த டயரைப் பார்ப்பாளுக. நீ பார்க்கவே இல்லை! கையைத் தூக்கினா, இறங்கிட்டே. அதை யாருக்கும் சொல்லித்தர முடியாது, தெரியுமா? அது பிறவியிலேயே வரணும்."

எண்ணெய்க் கையைக் கால்சட்டையில் துடைத்துவிட்டு அவர் நீட்டினார். முழுசாகத் துடைபடவில்லை.

போய்யா என்று சொல்ல அவளுக்கு வாய் இருந்தது. கொஞ்ச நேரத்துக்கு முன்னால் ஒருவர் காலடியில் துப்பிய அதே வாய்தான். மர்லேனைப் பார்த்தும் இவோனைப் பார்த்தும் வந்த அருவருப்பு இப்போதும் வந்தது, ஆனால் இந்த முறை தன்னைப் பார்த்துத்தான் என்று அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. கடையில் வாடிக்கையாளர்களிடம் பேசுகிற பதமான குரல் ஒன்று அவளைக் கேட்காமலே கிளம்பி வந்தது.

"எப்ப வரணும் சார்?" என்று கேட்டுக்கொண்டே அந்தக் கையைப் பிடித்தாள்.