கழிக்கக்கூடிய செலவு

வரிப் படிவத்தில் மருத்துவச் செலவுப் பக்கத்துக்கு நான் வந்தபோது காலை ஆறே முக்கால். இன்றுதான் கடைசி நாள். அந்தப் பக்கத்துக்கு வேண்டியதெல்லாம் ஒரு பிஸ்கட் டப்பாவில் இருக்கும். என் கணவர் எச்சில் கையால் காக்கா ஓட்டாதவர். மருந்துக்கடையில் பஞ்சு வாங்கிய சீட்டைக்கூட எறிய மாட்டார். "ஒண்ணையும் விட்டுராத, எல்லாத்தையும் கழிச்சுக்கலாம்" என்று வருடா வருடம் டப்பாவை என் மடியில் வைத்துவிட்டுப் போய்விடுவார். படிவம் நிரப்புவது என் தலையெழுத்து.

காப்பீட்டுப் பிரீமியம் கட்டிய ரசீதை முதலில் எழுதினேன். அப்புறம் எனக்குப் பல் பிடுங்கியது, மகளுக்குக் காய்ச்சல் வந்தது. அதற்கடியில் ஒரு கண் மருத்துவமனையின் பில்கள் ஐந்து, ஒன்றாகப் பின் அடித்து. எங்கள் வீட்டில் யாருக்குக் கண்ணில் என்ன? பெயரைப் பார்த்தேன். அவர் பெயர். கடைசிப் பில்லோடு டாக்டரின் சீட்டும் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. இரண்டு கண்ணிலும் பக்கவாட்டுப் பார்வை பெரும்பாலும் போய்விட்டது, திரும்ப வராது, வண்டி ஓட்டக் கூடாது. தேதி ஐந்து மாதத்துக்கு முந்தையது.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். பன்னிரண்டு பிள்ளைகள். அதில் ஒன்று எங்கள் மகள்.

மேஜை ஓரத்து டம்ளரை அவர் தட்டிவிடும்போதெல்லாம், "கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?" என்று நான்தான் கேட்டிருக்கிறேன். அவரும் கூடச் சிரித்திருக்கிறார். பில்களை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினேன்.

வாசலில் வேன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பில்களை நீட்டினேன்.

"என்னங்க இது?"

முகம் வெளுத்துவிட்டது. "நீ தொகையை மட்டும்தான் பாப்பேன்னு நெனச்சேன்."

"மறைக்கிறதுன்னு ஆயிட்டப்போ, கிழிச்சாவது போட்டிருக்கக் கூடாதா?"

"அவ்வளவு செலவு பண்ணியாச்சு. கழிச்சுக்கலாமேன்னு..."

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அழுகைதான் வந்தது.

"பிள்ளைங்களை ஏத்திக்கிட்டுப் போறீங்களே, நம்ம பொண்ணும் அதுலதானே இருக்கா?"

"வேனை விட்டா எனக்கு வேற என்னடி தெரியும்? நேராப் பாத்தா நல்லாத் தெரியுது. ஓரம்தான் கொஞ்சம்... மெதுவாத்தான் ஓட்டுறேன்."

"சாவியைக் குடுங்க."

சாவி இருந்த கையை மூடிக்கொண்டார். "இன்னிக்கு ஒரு நாள் மட்டும். பிள்ளைங்க தெருவுல நின்னுக்கிட்டு இருக்கும். சாயங்காலம் வந்து பேசுவோம்." கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு வீட்டு வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "பாப்பா! இன்னும் ஷூ மாட்டி முடியலையா?"

எங்கள் சத்தம் கேட்டு எப்போதோ வந்துவிட்ட மகள், முதுகில் பையோடு அவருடைய இடது முழங்கையை ஒட்டி நின்று, அப்பாவை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.