நைனா கேட்ட செப்பு

கீர்த்தி, அம்மா தூங்கிவிட்டாள். அடுத்த வாரம் வீட்டு வேலைக்குக் குவைத் போகிறாள். அதற்கப்புறம் நைனாவைப் பார்த்துக்கொள்ள மகள் நான் ஒருத்திதான். எனக்குப் பயமாக இருக்கிறது.

பெங்களூரில் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து நைனாவுக்குத் தலையில் அடிபட்டது உனக்குத் தெரியும். உயிர் பிழைத்தார், ஆனால் தமிழ் போய்விட்டது. வேலையிடத்தில் பேசிய தெலுங்கில் சில சொற்கள்தான் மிச்சம். அதில் ஒன்றைத் தினமும் கத்துவார்: "செப்பு." ஏதாவது சொல்லு என்கிறார் என்று நினைத்தோம். பள்ளிக்கூடத்தில் நடந்தது, மாடு கன்று போட்டது என்று எதையாவது சொல்வேன். சொல்லச் சொல்லக் கோபம் ஏறும். போன வாரம் சொம்பைத் தூக்கி எறிந்தார். பஸ் கம்பியில் இடித்துக்கொண்டேன் என்று உன்னிடம் புருவத்தைக் காட்டினேனே, அது இதுதான்.

இன்று நைனாவைப் பாகாலாவுக்கு அழைத்துப் போனோம். தலையில் அடிபட்டவர்களும் அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களும் மாதம் ஒருமுறை அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் கூடுகிறார்கள். தலையில் அடிபட்ட தன் தம்பி ஏழுமலையோடு வந்திருந்த ருக்மணி அக்கா என் புருவத்தையே பார்த்தாள்.

"நைனா அடிச்சாரா?"

முடியை இழுத்துப் புருவத்தை மறைத்தேன்.

"இவன் என் பல்லையே பேத்துட்டான். பாரு, ஒண்ணுந்தெரியாதவன் மாதிரி முறுக்கு துன்னுக்கினு இருக்கான்."

"அந்தப் பல்லு முன்னாடியே ஆடிக்கினு இருந்துச்சி" என்றான் ஏழுமலை.

எனக்கும் சிரிப்பு வந்தது. திரும்பிப் பார்த்தால் நைனாவைக் காணோம். வாசலில் எல்லோரும் கழற்றிவிட்ட செருப்புகளுக்கு நடுவே குந்தியிருந்தார். யாருடையதோ ஒன்றை மடியில் வைத்துத் தடவிக்கொண்டு "செப்பு" என்றார். கத்தவில்லை.

தெலுங்கில் செருப்புக்கும் அதே சொல்தான். தெலுங்கு பேசும் ஊர்களுக்கு நடுவே இருக்கும் எங்களுக்குத் தெரியாததா? ஆனால் தோன்றவே இல்லை. ஒருநாள் அவர் தனியாக ரோட்டுக்குப் போய்விட்டதால், அம்மாதான் அவருடைய செருப்பை அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தாள்.

அம்மா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். "இத்தினி நாளா செருப்பத்தான் கேட்டுக்கினு இருந்தாரா... குடுத்தா போயிடுவாரேக்கா. லாரி போற ரோடு."

"அதுக்காக உள்ளயே கெடப்பாரா, சந்திரம்மா? சாயங்காலம் நானும் இவனும் ஏரிப் பக்கம் நடக்கறோம். உங்க ஊரு தாண்டித்தான் வரோம். இவரும் வரட்டும், பொண்ணும் வரட்டும்."

"தெனமுமா? உனக்கு இவன் ஒருத்தனே போதாதா?"

"ஒரு கையில இவன இஸ்துக்கினு போறேன். இன்னொரு கை சும்மாதான இருக்குது."

வீட்டுக்கு வந்ததும் செருப்பைத் துடைத்துக் கொடுத்தேன். உடனே போட்டுக்கொண்டார். எவ்வளவு சொல்லியும் கழற்றவில்லை, அப்படியே படுத்துத் தூங்கிவிட்டார். ஒருமுறைகூட "செப்பு" என்று கத்தவில்லை.

பயம் போய்விடவில்லை, கீர்த்தி. இப்போது வேறு பயம். எழுந்து போய்விடுவாரோ என்று கதவோரம் பாய் போட்டுப் படுத்திருக்கிறேன். போவதென்றால் என்னைத் தாண்டித்தான் போக வேண்டும். என் செருப்பையும் தலைமாட்டில் வைத்திருக்கிறேன்.